பிளேடுக்குப் பின்னால் ஒரு ஆப்பு

மட்டாஞ்சேரி கொச்சியின் பழைய பகுதி. மிளகும் சுக்கும் மணக்கும் கிட்டங்கிகள் இங்கே உண்டு. 1568-ஆம் ஆண்டில் கட்டிய யூதர் கோயில் இங்கே உண்டு. அந்தக் கோயிலுக்குப் போகும் தெருவில் பழைய மரச்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய கதவு, நிலை, தூண், பத்தாயம், ஊஞ்சல் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். தேக்கு, ஈட்டி, அயனி என்று நல்ல மரங்கள்.

பழைய சாமான் அப்படியே விற்பனைக்குப் போகாது. உடைந்த காலை மாற்ற வேண்டும். செல்லரித்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைக்க வேண்டும். இந்த வேலைக்குச் சந்துகளில் பட்டறைகள் இருக்கின்றன. மலையாளம் பேசும் ஆசாரிகளோடு தமிழ் பேசும் தச்சர்களும் வேலை செய்கிறார்கள்.

அப்படி ஒரு பட்டறைக்குள் போவோம். பெயர் வேண்டாம். இதுபோன்ற பட்டறை உங்கள் ஊரிலும் இருக்கும்.

பட்டறையில் ஒரு காலை

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மேஸ்திரி அங்கே இருக்கிறார். அக்கா மகனைத் தொழில் பழக அழைத்து வந்திருக்கிறார். பையனுக்கு வயது பத்தொன்பது. வேலையில் கெட்டிக்காரன். அவசரமும் கொஞ்சம் உண்டு.

அன்று காலையில் ஒரு நீளமான ரப்பர் மரப் பலகையை ரீப்பராக அறுக்க வேண்டியிருந்தது. பையன் ரம்ப மேசையைப் போட்டான். பலகையைத் தள்ளினான். பாதிக்கு மேல் போயிற்று. திடீரென்று ‘டப்’ என்று ஒரு சத்தம். பலகை அவன் கையை விட்டுப் பறந்தது. அதன் முனை அவன் வயிற்றில் இடித்துவிட்டுச் சுவரில் போய் மோதியது.

மாமா ஓடி வந்து சுவிட்சை அணைத்தார்.

“கையைக் காட்டு!”

“கைக்கு ஒண்ணும் இல்ல மாமா. வயித்துலதான் லேசா பட்டுச்சு.”

“எல்லா விரலும் இருக்கா? எண்ணிக் காட்டு.”

பையன் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. தன் இடது கையை நீட்டினார். சுட்டு விரல் பாதிதான் இருந்தது.

“இதுவும் இதே மாதிரிதான் போச்சு, மருமகனே. நானும் கவனமாத்தான் நின்னேன்.”

இந்தக் கடைசி வார்த்தையை நாம் மறக்கக்கூடாது. விபத்து நடந்தால், “கவனம் இல்லாமல் வேலை செய்தான்” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கவனம் வேண்டும்தான். ஆனால் கவனம் மட்டும் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

பல் எந்தப் பக்கம் ஓடுகிறது?

ரம்ப மேசையில் வட்டமான பிளேடு மேசைக்கு மேலே எட்டிப் பார்க்கும். நாம் மரத்தை அதன் மேல் தள்ளுகிறோம். நமக்கு முன்னால் இருக்கும் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு அழுத்தி அறுக்கும். இதில் பயம் குறைவு.

பிளேடின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பற்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. மேலே ஏறி, நம்மை நோக்கித் திரும்பி வருகின்றன. அறுத்து முடிந்த மரம் இந்தப் பின்பற்களைத் தொடக்கூடாது. தொட்டால் பல் மரத்தைக் கவ்வித் தூக்கும். பிளேடின் தலைக்கு மேலாக நம் மீது எறியும். இதைத்தான் ‘மரம் உதைக்கிறது’ என்கிறோம்.

எவ்வளவு வேகமாக எறியும்? கணக்குப் போடுவோம்.

பிளேடின் குறுக்களவு 10 அங்குலம். அதாவது சுமார் 25 சென்டிமீட்டர். சுற்றளவு 25 × 3.14 = 78.5 சென்டிமீட்டர். பிளேடு ஒரு நிமிடத்தில் 2,800 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் ஒரு நிமிடத்தில் 2,198 மீட்டர் ஓடும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 132 கிலோமீட்டர்! சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ்ஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆபத்து என்று கண் பார்த்து, மூளை சொல்லி, கை பின்வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? சுறுசுறுப்பான ஆளுக்கே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பிளேடு 9 முறை சுற்றிவிடும். அதனால்தான் கவனம் மட்டும் போதாது என்றோம்.

இன்னொன்றும் நடக்கும். நாம் மரத்தின் மேல் கையை வைத்து, பலம் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். மரம் திடீரென்று பறந்துவிடுகிறது. கைக்குப் பிடிமானம் போய்விடுகிறது. தள்ளிய வேகத்தில் கை முன்னால் போகிறது. முன்னால் இருப்பது பிளேடு. மேஸ்திரியின் விரல் போனது இப்படித்தான். பிளேடுக்குப் பின்னால் கைவைத்து மரத்தை இழுப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். மரம் உதைக்கும்போது கையையும் சேர்த்துப் பிளேடுக்குள் இழுத்துவிடும்.

மரம் ஏன் பின்பல்லைத் தொடுகிறது? மரத்துக்குள் முறுக்கு இருக்கும். வளரும்போது வந்த முறுக்கு உண்டு. காயும்போது வந்த முறுக்கும் உண்டு. ரம்பம் நடுவில் பிளந்ததும் முறுக்கு அவிழ்கிறது. சில பலகையில் பிளந்த இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று நெருங்கும். பிளேடை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். மழைக்காலத்தில் நனைந்த மரத்தில் இந்தத் தொல்லை அதிகம். மரம் சாய்ந்து ஓடாமல் இருக்க மேசையில் ஒரு நேரான தடுப்பு உண்டு. அதைக் கைடு என்பார்கள். கைடு கோணலாக இருந்தாலும் மரம் பின்பல்லில் போய் இடிக்கும். கைடு இல்லாமல் வெறும் கையால் அறுத்தால் சொல்லவே வேண்டாம்.

ஆப்பும் குரங்கும்

மாமா பையனை உட்காரவைத்தார்.

“மருமகனே, ஆப்பசைத்த குரங்கு கதை தெரியுமா?”

“தெரியும் மாமா. மரம் அறுக்கிறவங்க பாதி மரத்தை அறுத்துட்டு, நடுவுல ஆப்பு அடிச்சு வச்சுட்டுச் சாப்பிடப் போனாங்க. குரங்கு வந்து அந்த ஆப்பைப் பிடுங்குச்சு. பிளவு மூடிக்கிட்டு, குரங்கோட வால் மாட்டிக்கிச்சு.”

“சரி. அந்த ஆளுங்க ஏன் ஆப்பு அடிச்சாங்க?”

பையன் யோசித்தான். கதையைப் பலமுறை கேட்டிருக்கிறான். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் இரண்டு பேர் சேர்ந்து மரம் அறுப்பார்கள். ஒருவர் மேலே நிற்பார். ஒருவர் கீழே நிற்பார். நீளமான ரம்பத்தை மேலும் கீழுமாக இழுப்பார்கள். கொஞ்ச தூரம் அறுத்ததும் பிளவு மூடும். ரம்பம் சிக்கும். அதனால் பிளவுக்குள் ஆப்பு அடித்துத் திறந்து வைப்பார்கள். ரம்பம் போகப் போக ஆப்பும் பின்னாலேயே போகும். பழைய தச்சர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

மாமா எழுந்து போய் மேசையின் இழுப்பறையைத் திறந்தார். ஆணி, பழைய பிளேடு, பீடிக்கட்டு எல்லாம் கிடந்தன. அடியில் வளைந்த ஒரு இரும்புத் தகடு இருந்தது. அதை எடுத்துத் துடைத்தார்.

“இதுதான் ஆப்பு. மிஷின் வாங்கும்போது பிளேடுக்குப் பின்னால நின்னது. போன மாசம் கழட்டினோம். திருப்பி மாட்டலை.”

“யாரு கழட்டினது மாமா?”

“நான்தான்” என்றார் மாமா. “அப்ப குரங்கு யாரு?”

பையன் பதில் சொல்லவில்லை.

இந்தத் தகட்டைக் கடையில் ‘ரைவிங் நைஃப்’ என்று கேட்டால் தருவார்கள். நாம் பின்தகடு என்று சொல்வோம். அது எதையும் வெட்டாது. அதற்குப் பல் கிடையாது. பிளேடுக்குப் பின்னால் சும்மா நிற்கும். அறுத்த பிளவுக்குள் நுழைந்து அதைத் திறந்தே வைத்திருக்கும். மரம் பிளேடைக் கவ்வ முடியாது. சாய்ந்து போய்ப் பின்பல்லில் இடிக்கவும் முடியாது.

பிறகு ஏன் கழற்றுகிறார்கள்? பல மிஷினில் மேல்மூடியும் பின்தகடும் ஒன்றாக இருக்கும். பலகையில் காடி எடுக்கும்போது பிளேடு பாதி ஆழம்தான் வெட்டும். உயரமான தகடு அங்கே இடிக்கும். அதனால் கழற்றுவார்கள். காடி வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தகடு பத்து மாதம் இழுப்பறையில் கிடக்கும். பல பட்டறைகளில் இதுதான் கதை.

முதலாளி வந்தார். “என்ன மேஸ்திரி, மிஷின் நிக்குது? நாளைக்கு மேசை போகணுமே” என்றார்.

“இருபது நிமிஷம் பொறுங்க முதலாளி. தகட்டை மாட்டிட்டு ஓட்டுறேன். ஆஸ்பத்திரிக்குப் போனா நாள் கணக்குல நிக்கும்.”

முதலாளி முணுமுணுத்தார். ஆனால் தடுக்கவில்லை. பையன் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான்.

தகடு எப்படி இருக்க வேண்டும்?

கண்ட தகட்டை மாட்டினால் பயன் இல்லை. தகடு பிளேடின் உடம்பைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும். பல் அறுக்கும் பிளவின் அகலத்தைவிடக் கொஞ்சம் மெலிதாக இருக்க வேண்டும். ரொம்பத் தடிமனானால் மரம் சிக்கும். ரொம்ப மெலிதானால் பிளவு மூடிக்கொள்ளும். பிளேடும் தகடும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் 8 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. தகட்டின் தலை பிளேடின் தலையைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருந்தால், காடி எடுக்கும்போதும் கழற்ற வேண்டாம். புது மிஷின் வாங்குபவர்கள் இப்படிப்பட்ட தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இது புதிய சங்கதி இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் விதிகள் எழுதின. வட்ட ரம்பத்துக்குப் பின்தகடு வேண்டும், மேல்மூடி வேண்டும், மேசைக்கு அடியிலும் மறைப்பு வேண்டும், தள்ளுகட்டை கொடுக்க வேண்டும் என்று அவற்றில் இருந்தது. ஆனால் மின்சாரம் வைத்துப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தைத்தான் அந்தச் சட்டம் தொழிற்சாலை என்று சொன்னது. மூன்று பேர் வேலை செய்யும் சந்துப் பட்டறைக்கு அதிகாரி வரவில்லை. ரம்பத்துக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரியுமா?

தள்ளுகட்டை என்றோமே, அது என்ன? ஒரு முழ நீளக் கட்டை. முனையில் ஒரு வெட்டு. மரத்தின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாமல் இந்தக் கட்டையால் தள்ள வேண்டும். காசு செலவு இல்லை. கழிவுக் கட்டையில் செய்துகொள்ளலாம். பிளேடு கட்டையைக் கடித்தால் வேறு கட்டை செய்யலாம்.

நிற்கும் இடமும் முக்கியம். பிளேடுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள். கைடு வலப்பக்கம் இருந்தால் நீங்கள் இடப்பக்கம். மரம் பறந்தாலும் உங்களைத் தாண்டிப் போகும். ஒரு அடிக்குக் குறைந்த துண்டை இந்த மேசையில் அறுக்காதீர்கள். கைரம்பம் போதும். மரம் நடுவில் சிக்கினால் பின்னால் இழுக்காதீர்கள். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணையுங்கள். இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போது சுவிட்சை எப்படி அணைப்பது? முழங்கால் எட்டும் இடத்தில் சுவிட்ச் இருக்க வேண்டும். சுவரில் இருக்கும் சுவிட்ச் அந்த நேரத்தில் உதவாது.

எதிர்ப்பக்கம் நின்று மரம் வாங்குபவர் மரத்தைத் தாங்க மட்டும் வேண்டும். இழுக்கக்கூடாது.

மட்டாஞ்சேரியில் இன்னொரு தொல்லை உண்டு. பழைய மரத்துக்குள் பழைய ஆணி ஒளிந்திருக்கும். பல் ஆணியில் பட்டால் பல் உடைந்து பறக்கும். மரமும் துள்ளும். அறுப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இரும்பு ஆணி இருந்தால் காந்தம் இழுக்கும். கழுத்தில் துண்டு, கையில் உறை, மணிக்கட்டில் கயிறு, விரலில் மோதிரம் இவற்றைக் கழற்றிவிட்டு மிஷினுக்கு வாருங்கள். கையுறை காப்பாற்றும் என்று நினைப்பார்கள். இந்த மிஷினில் கையுறை கையை உள்ளே இழுத்துவிடும்.

எண்ணைப் படியுங்கள்

பிளேடின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். சுற்ற வேண்டிய திசையை அது காட்டும். பக்கத்தில் ஒரு எண் இருக்கும். ஒரு நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை சுற்று என்பது அந்த எண். மிஷினின் பெயர்த்தகட்டிலும் ஒரு எண் இருக்கும். மிஷினின் எண், பிளேடின் எண்ணைத் தாண்டக்கூடாது.

சிலர் கல் அறுக்கும் சின்ன மிஷினைப் பலகைக்கு அடியில் கவிழ்த்து மாட்டி, ரம்ப மேசை செய்துகொள்கிறார்கள். சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கி வைக்கிறார்கள். அந்த மிஷின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. அதில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறார்கள். பின்தகடு இல்லை. மூடி இல்லை. மரம் சிக்கினால் அணைக்க வழி இல்லை. காசு மிச்சம் என்றுதான் செய்கிறார்கள். நான் பார்த்த மிஷின்களில் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.

பணக்கார நாட்டில் இந்த விபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் ரம்ப மேசைக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவதாக அந்நாட்டு அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. அங்கே ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-இல் ஒரு வழி கண்டார். தோல் பட்டதும் பிளேடு கண் இமைப்பதற்குள் நின்றுவிடும். நல்ல மிஷின்தான். விலை அதிகம். ஆனால் மரம் உதைப்பதை அது தடுக்காது. அந்த மிஷினிலும் பின்தகடு வேண்டும்.

விரல் துண்டானால்

முதலில் மிஷினை அணையுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இறுக்கி அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பெரும்பாலும் ரத்தம் நிற்கும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். விரலைக் கயிற்றால் கட்டாதீர்கள். மற்ற விரலில் மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். பிறகு வீங்கிவிடும்.

துண்டான விரலைத் தேடுங்கள். மரத்தூளுக்குள் கிடக்கும். சின்னத் துண்டையும் விடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போடாதீர்கள். பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். ஐஸ் பட்ட சதை செத்துவிடும். பிறகு ஒட்ட முடியாது.

108-க்கு போன் செய்யுங்கள். ரத்தக்குழாய் ஒட்டும் டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியாகக் கேட்டுப் போங்கள். மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகப் பாலம் தாண்ட வேண்டும். தோப்பும்படியில் வண்டி நெரிசல் உண்டு. அதனால் நேரத்தை வீணாக்காதீர்கள். கை முழுவதும் துண்டானால் ஆறு மணி நேரத்துக்குள் சேர வேண்டும். விரல் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனாலும் விரைந்து போவதுதான் நல்லது. போகும் வழியில் காப்பி, தண்ணீர் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

ரம்பம் அறுத்த விரலை எப்போதும் ஒட்ட முடியும் என்று சொல்ல முடியாது. பல் கொஞ்சம் சதையையும் எலும்பையும் தூளாக்கிவிடும். முடியுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமே “இனி ஒட்டாது” என்று விரலை எறிந்துவிடக்கூடாது. கொச்சி அம்ருதா மருத்துவமனையில் 2015 ஜனவரியில், இறந்த ஒருவரின் இரண்டு கைகளையும் கை இழந்த ஒருவருக்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. டாக்டர் சுப்ரமணிய ஐயர் அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை கை அறுவைக்குப் பெயர் பெற்றது.

நம் பையனுக்கு வயிற்றில்தானே அடி? மாமா அவனையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வெளியே காயம் இல்லாமலே குடலிலும் ஈரலிலும் அடி பட்டிருக்கலாம். வலி மறுநாள்தான் தெரியும். வயிறு இறுகினாலும் வாந்தி வந்தாலும் காத்திருக்கக் கூடாது. டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்.

திரும்பி வந்ததும் மாமா ஒரு தாள் கொடுத்தார். தேதி, நேரம், எந்த மிஷின், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதச் சொன்னார். ஒரு நகலை முதலாளியிடம் கொடுத்தார்கள். ஒரு நகலைப் பெட்டியில் வைத்தார்கள். வேலையில் காயம் பட்டால் நஷ்டஈடு உண்டு. 1923-ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின் அட்டவணையில் பெருவிரல் போனால் நூற்றுக்கு 30 பங்கு உழைப்புத்திறன் போனதாகவும், சுட்டு விரல் முழுவதும் போனால் 14 பங்கு போனதாகவும் எழுதியிருந்தது. மாமா தன் விரலுக்கு ஒரு பைசா வாங்கவில்லை. அப்போது அவருக்கு எழுதத் தெரியாது. கேட்கலாம் என்றும் தெரியாது.

எழுதிப் பார்ப்போம்

உங்கள் பட்டறை மிஷினுக்குப் போங்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பார்த்து எழுதுங்கள்.

பிளேடில் உள்ள எண் ............

மிஷினில் உள்ள எண் ............

பிளேடின் குறுக்களவு ............ சென்டிமீட்டர்

பல்லின் வேகம் மணிக்கு ............ கிலோமீட்டர்

பின்தகடு இப்போது எங்கே இருக்கிறது? ............